ரிமோட் கார் கேள்வி-பதில்: ட்ரிம், பைண்ட், ஃபெயில்சேஃப்

நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மாமாமார் கொண்டுவந்த கார்கள்தான் இந்த முறை கடிதங்களில் பாதி. சந்தோஷம். ஆனால் ரிமோட்டின் மாடல், ரிசீவரின் (காருக்குள் சிக்னலை வாங்கும் பெட்டி) மாடல், ஈ.எஸ்.சி.யின் (மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மாடல் மூன்றையும் எழுதுங்கள் என்று எத்தனை முறை கேட்டுவிட்டேன்! "கறுப்பு நிற ரிமோட்" என்று எழுதினால் நான் என்ன பதில் சொல்வது?

ட்ரிம்மை (ஸ்டியரிங்கின் நடு நிலையைத் திருத்தும் அமைப்பை) முழுக்க வலப்பக்கம் திருப்பியும் கார் இடப்பக்கம் இழுக்கிறது. ரிமோட் பழுதா? (கோண்டாவில்)

ரிமோட் நல்லாயிருக்கிறது. சேர்வோவின் (சில்லைத் திருப்பும் சின்ன மோட்டர்) கொம்பை, அதாவது அதன் அச்சில் மாட்டும் கையை, பிழையாகப் பூட்டியிருக்கிறீர்கள். ட்ரிம், சப் ட்ரிம் (மெனுவில் உள்ள நுண் ட்ரிம்) இரண்டையும் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். ரிமோட்டைப் போட்டு, பிறகு காரைப் போட்டால் சேர்வோ நடுவுக்கு வந்து நிற்கும். அப்படி நிற்கும்போதே ஸ்குரூவைக் கழற்றி, கொம்பை இழுத்தெடுத்து, நேராக நிற்கும் பல்லில் மாட்டுங்கள். 25 பல் சேர்வோவில் ஒரு பல் என்றால் ஏறக்குறைய 14 பாகை. அதனால் அச்சொட்டாக நேருக்கு வராது, மிச்சத்தைச் சப் ட்ரிம்மில் எடுங்கள். அதற்குப் பிறகும் சில்லு கோணலாக நின்றால் ஸ்டியரிங் கம்பிகளின் நீளத்தைப் பாருங்கள். ட்ரிம் என்பது ஓடும்போது ஒரு சொட்டுத் திருத்துவதற்குத்தான்.

எதை முதலில் போடுவது, ரிமோட்டையா காரையா? (மானிப்பாய்)

ரிமோட் முதலில், கார் பிறகு. நிப்பாட்டும்போது கார் முதலில், ரிமோட் கடைசியில். ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன், இனியும் எழுதுவேன்.

விசையை இழுத்தால் கார் பின்னால் போகிறது. மோட்டர் வயரை மாற்றிப் பூட்டலாமா? (சுன்னாகம்)

வேண்டாம். முதலில் மெனுவில் த்ரொட்டில் ரிவர்ஸை (விசையின் திசையைத் திருப்பும் அமைப்பு) மாற்றிவிட்டு ஈ.எஸ்.சி.யைக் காலிபிரேட் செய்யுங்கள், அதாவது விசையின் மூன்று நிலைகளையும் அதற்குப் பதிவுசெய்யுங்கள்: நடு நிலை, முழு வேகம், முழு பிரேக். ஃபியூட்டாபா ரிமோட் என்றால் பல ஈ.எஸ்.சி.களுக்கு இந்த மாற்றம் கட்டாயம் தேவைப்படும். சென்சர் உள்ள பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டரில் வயரை ஒருபோதும் மாற்றிப் பூட்டக் கூடாது.

2.4 கிகாஹெர்ட்ஸில் சிக்னல் அறாது, ஃபெயில்சேஃப் தேவையில்லை என்று நண்பர் சொல்கிறார். சரியா? (சாவகச்சேரி)

இல்லை. உங்கள் நண்பரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.

பழைய 27 மெகாஹெர்ட்ஸ் காலத்தோடு ஒப்பிட்டால் 2.4இல் குறுக்கீடு மிகக் குறைவு, அது உண்மை. ஆனால் சிக்னல் அறுவதற்குக் குறுக்கீடுதான் வேண்டும் என்றில்லை. ரிமோட்டின் பற்றரி ஓட்டத்தின் நடுவில் இறங்கலாம். அன்டெனா நசுங்கியிருக்கலாம். கார் எல்லை தாண்டிப் போகலாம். அந்த நேரத்தில் ரிசீவர் என்ன செய்யும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் ஃபெயில்சேஃப். சொல்லிவைக்காவிட்டால், சில மலிவு ரிசீவர்கள் கடைசியாகக் கிடைத்த கட்டளையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் முழு வேகத்தில் இருந்தால் கார் முழு வேகத்திலேயே போகும்.

ஒரு பின்னேரம் யாழ்ப்பாணம் முற்றவெளியில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு தம்பி 1/8 அளவு (நிஜக் காரின் எட்டிலொரு பங்கு) காரை ஓட்டினார், மூன்றரைக் கிலோ இருக்கும். ரிமோட் பற்றரி இறங்கிவிட்டது. கார் நேரே, ஆட்கள் பிள்ளைகளோடு புல்லில் இருந்த பக்கம் போனது. 60 கிலோமீட்டர் வேகம் என்றால் மூன்று செக்கனில் 50 மீற்றர். கத்துவதற்குக்கூட நேரமில்லை. ஒரு சீமெந்துக் கட்டில் மோதி, முன் சில்லு அச்சோடு கழன்று பறந்தது. அந்தக் கட்டுக்கு அப்பால், கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு சின்னப் பிள்ளை கச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அன்று முதல், ஃபெயில்சேஃப் பார்க்காத காருக்குப் பக்கத்தில் என் காரை ஓட்டுவதில்லை.

செய்யும் முறை இதுதான். சில ரிசீவர்களில் பைண்ட் செய்யும் (ரிமோட்டையும் ரிசீவரையும் இணைக்கும்) நேரத்தில் விசை எந்த நிலையில் இருக்கிறதோ அதுவே பதிவாகும், சிலவற்றில் மெனுவில் வைக்க வேண்டும். ரிவர்ஸ் (பின்னால் ஓடும் வசதி) உள்ள மின்சாரக் காருக்கு நடு நிலை வையுங்கள். நைட்ரோ (எரிபொருளில் ஓடும்) காருக்குக் கொஞ்சம் பிரேக் வையுங்கள். பிறகு காரை ஒரு செங்கல்லின் மேல் ஏற்றி நான்கு சில்லும் அந்தரத்தில் நிற்கும்படி வைத்து, விசையை மெல்லப் பிடித்தபடி ரிமோட்டை நிப்பாட்டுங்கள். ரிமோட்டை முதலில் நிப்பாட்டுவது இந்த ஒரு சோதனைக்கு மட்டும்தான். சில்லு ஒன்றிரண்டு செக்கனில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்தக் கார் வளவைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு முறை பைண்ட் செய்த பின்னும் இதைத் திரும்பச் செய்யுங்கள்.

இன்னொன்று, ரிசீவருக்கே மின்சாரம் போய்விட்டால் ஃபெயில்சேஃப் வேலை செய்யாது. ஆகவே பிளக்குகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நைட்ரோ என்றால் கார்புரேட்டரைத் தானாக மூட இழுப்பு ஸ்பிரிங் கட்டாயம் வேண்டும்.

மாமா கனடாவிலிருந்து கொண்டுவந்த ரிமோட்டுக்கு இங்கே ரிசீவர் வாங்கினேன். பைண்ட் ஆகவில்லை. (வல்வெட்டித்துறை)

என்ன ரிமோட், என்ன ரிசீவர் என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டும் 2.4 என்பதால் மட்டும் பேசிக்கொள்ளாது, மொழி ஒன்றாக இருக்க வேண்டும். ஃப்ளைஸ்கை என்ற ஒரே நிறுவனத்துக்குள்ளேயே ஏ.எஃப்.எச்.டி.எஸ். என்ற மொழி வேறு, ஏ.எஃப்.எச்.டி.எஸ். 2ஏ வேறு. வாங்குவதற்கு முன் கேட்டிருக்கலாம்.

வேகத்தில் ஸ்டியரிங் தொட்டாலே கார் சுழல்கிறது. (காரைநகர்)

டுவல் ரேட்டை (ஸ்டியரிங் எவ்வளவு திரும்பும் என்ற அளவு) 70 சதவீதம் அளவுக்கு இறக்குங்கள், நடுவை மென்மையாக்க எக்ஸ்போவும் கொஞ்சம் கொடுங்கள். மென்மைக்குச் சில ரிமோட்டில் மைனஸ், சிலவற்றில் பிளஸ், போட்டுப் பார்த்துத்தான் தெரியும். ஆனால் இதற்கெல்லாம் முதல், டுவல் ரேட் 100இல் இருக்கும்போது எண்ட் பொயின்ட்டைச் (சேர்வோ திரும்பும் எல்லை) சரிசெய்திருக்க வேண்டும். முழுக்கத் திருப்பிப் பிடிக்கும்போது சேர்வோ முனகினால் அது முட்டிக்கொண்டு நிற்கிறது. முனகல் நிற்கும் வரை குறையுங்கள், இல்லாவிட்டால் கெதியில் எரிந்துபோகும். கசூரினா கடற்கரை மணலில் ஓட்டிய கார் என்றால் உப்பைத் துடைத்துக் காயவைத்துவிட்டு இதையெல்லாம் செய்யுங்கள்.

ரிசீவர் அன்டெனா நீளமாக இருக்கிறது. வெட்டலாமா? (நல்லூர்)

வெட்டாதீர்கள். நுனியில் உறை இல்லாமல் இருக்கும் மூன்று சென்ரிமீற்றர்தான் சிக்னலைப் பிடிக்கும் பாகம். குழாய்க்குள் விட்டு நிமிர்த்தி வையுங்கள், மோட்டர் வயரில் சுற்றவும் வேண்டாம்.

ரிமோட்டுக்குள் பற்றரியை விட்டுவைக்கலாமா? (கொக்குவில்)

ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் கழற்றிவிடுங்கள். அல்கலைன் கசிந்து ஸ்பிரிங் பச்சையாகிப்போன ரிமோட்டுகளை நிறையத் துப்புரவாக்கியிருக்கிறேன். சார்ஜ் செய்யும் நிக்கல் பற்றரி நான்கு போட்டால் 6 வோல்ட்டுக்குப் பதிலாக 4.8தான் வரும். உங்கள் ரிமோட் அதை ஏற்குமா என்று கையேட்டில் பார்த்துவிட்டு, குறைந்த வோல்ட் அலாரத்தையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.