ஆளுக்கு ஒரு கிலோ விதை

அன்புள்ள ஐயாவுக்கு,

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அலுவலக வேலையாக அண்மையில் வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். எங்கு பார்த்தாலும் இளைஞர்கள். ராத்திரி பதினொரு மணிக்கும் காபிக் கடைகளில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஒழுக்கமும் உழைப்பும் நம் பிள்ளைகளிடம் ஏன் இல்லை என்று வருத்தமாக இருந்தது.

என் குழுவில் மேகாங் டெல்டாவின் தென்கோடியில் உள்ள கா மாவ் மாகாணத்தைச் சேர்ந்த ஒரு பெண் இருந்தார். அவருடைய அப்பாவின் வயலில் உப்பு ஏறிவிட்டதாம். இவர் படித்து நகரத்துக்கு வந்து மென்பொருள் சோதனை வேலையில் சேர்ந்திருக்கிறார். இப்போது அந்த வேலையையும் செயற்கை நுண்ணறிவு பறித்துவிடுமோ என்று பயப்படுகிறார். "ஊரில் கடல் வருகிறது, ஆபீஸில் இது வருகிறது" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

2050-க்குள் மேகாங் டெல்டா மூழ்கிவிடும் என்று ஒரு வரைபடம் பார்த்தேன். அது உண்மையா? தொழில்நுட்பமும் பருவநிலையும் ஒரே நேரத்தில் மாறும்போது இந்தத் தலைமுறை எந்தத் திறன்களைக் கற்றுக்கொண்டால் பிழைக்கும்? அந்தப் பெண்ணுக்கு நான் என்ன சொல்லட்டும்?

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

முதலில் திட்டிவிடுகிறேன், அப்புறம் பேசலாம். காபிக் கடையில் நாலு பேரைப் பார்த்துவிட்டு ஒரு நாட்டின் ஒழுக்கத்துக்கு மார்க் போடாதீர்கள். பக்கத்து மேசைப் பெரியவரிடம் பேச்சுக் கொடுத்திருந்தால், எங்கள் பிள்ளைகள் எந்நேரமும் போனிலேயே கிடக்கிறார்கள் என்று உங்களிடமே புலம்பியிருப்பார். பல நாட்டு மாணவர்களை ஒப்பிடும் பீசா தேர்வில், 2012-ஆம் ஆண்டு, வியட்நாமின் பதினைந்து வயதுப் பிள்ளைகள் கணக்கிலும் அறிவியலிலும் அமெரிக்கப் பிள்ளைகளைத் தாண்டினார்கள். ரத்தத்தில் ஊறிய ஒழுக்கம் என்று அதற்குக் காரணம் சொல்வது சோம்பேறித்தனம். கையில் காசில்லாத காலத்திலேயே அவர்கள் பள்ளிக்கூடத்தையும் வாத்தியாரையும் விட்டுவிடவில்லை, அவ்வளவுதான். நம் பிள்ளைகளை மட்டம் தட்ட இன்னொரு நாட்டுப் பிள்ளைகளைக் கம்பாக எடுப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். என்னிடம் அது வேண்டாம்.

வரைபடத்தையும் விடுங்கள். 2050 என்று ஒரு வருஷத்தைக் குறித்துக்கொண்டு அதுவரை காத்திருப்பதற்குத்தான் அது உதவும்.

செயற்கை நுண்ணறிவு பற்றி உங்களுக்குத் தெரிந்ததைவிட எனக்குக் குறைவாகத்தான் தெரியும். சோதனை வேலையில் ஒரு பகுதி போகும், வேறு ஏதாவது வரும். சாம்சங் தன் கைபேசிகளில் ஏறத்தாழ பாதியை வியட்நாமில்தான் செய்கிறது. 2030-க்குள் 50,000 செமிகண்டக்டர் பொறியாளர்களை உருவாக்குவோம் என்று அரசு 2024-இல் திட்டம் அறிவித்தது. நல்ல வாய்ப்புதான், யார் மறுத்தது? ஆனால் 2023 கோடையை நினைத்துப் பாருங்கள். வடக்கே வெயில் கொளுத்தியது. நீர்மின் அணைகள் வற்றின. பாக் நின், பாக் சியாங் தொழிற்பேட்டைகளில் முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தினார்கள். நஷ்டம் சுமார் 140 கோடி டாலர் என்று உலக வங்கி கணக்குப் போட்டது. அந்த வாரங்களில் ஆலை வாசலில் நின்ற பையனிடம் திறனுக்கு என்ன குறைச்சல்?

அதனால்தான் உங்கள் கடைசிக் கேள்வியில் எனக்குச் சுருக்கென்றது. எந்தத் திறனைக் கற்றுக்கொண்டால் பிழைக்கலாம்? இந்தக் கேள்வியை இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். அமைச்சர் கேட்கிறார், வங்கி கேட்கிறது, பன்னாட்டு அமைப்புகள் கருத்தரங்கு போட்டுக் கேட்கின்றன. காதுக்கு அக்கறையாகத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது வேறு: ஆற்றையும் மண்ணையும் நாங்கள் இப்படி ஆக்கிவிட்டோம், உன் சாமர்த்தியத்தில் நீ தப்பித்துக்கொள் என்று இருபது வயதுப் பெண்ணிடம் சொல்கிறோம்.

டெல்டாவுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். அந்தச் சமவெளியின் சராசரி உயரம் கடல்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர்கூட இல்லை. ஆறு வண்டலைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி உருவாக்கிய நிலம் அது. வண்டல் வருவது நின்றால் அது தேயும். ஒரு காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 16 கோடி டன் வண்டல் வந்ததாகப் பழைய கணக்கு. சீனா மேல்பகுதியில் வரிசையாக அணைகளைக் கட்டியது. லாவோஸில் 2019-இல் சாயபுரி அணை மின்சாரம் எடுக்கத் தொடங்கியது. வண்டலில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. மிச்சம் மீதி வருகிற மணலையும் சைகோனில் (நீங்கள் தங்கிய ஹோ சி மின் நகரம்தான்) கட்டடம் எழுப்பவும் விரைவுச்சாலை போடவும் படகு படகாக அள்ளுகிறார்கள். இது போதாதென்று வீட்டுக்கும் பண்ணைக்கும் ஆலைக்கும் ஆழ்துளைக் கிணறு போட்டு நிலத்தடி நீரை உறிஞ்சுகிறார்கள். அதனால் நிலம் உள்வாங்குகிறது, பல இடங்களில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல். கடல் ஏறும் வேகம் அதில் பாதிகூட இருக்காது. கடல் மேலே வருவதைவிட வேகமாக நிலம் கீழே போகிறது.

2016-லும் 2020-லும் உப்புநீர் ஆற்று வழியே வெகுதூரம் உள்ளே ஏறியது. 2020 மார்ச்சில் ஐந்து மாகாணங்கள் நெருக்கடிநிலை அறிவித்தன. உங்கள் தோழியின் கா மாவும் அதில் ஒன்று. அங்கே வாய்க்கால்கள் வற்றி, கரைகள் சரிந்து, கரைமேல் போட்ட சாலைகள் உள்ளே விழுந்தன. 2009-க்கும் 2019-க்கும் நடுவே அந்த டெல்டா, வந்தவர்களைக் கழித்தபிறகும், பத்து லட்சத்துக்கு மேல் ஆட்களை இழந்திருக்கிறது. போனவர்களில் பெரும்பாலோர் இளவயதுக்காரர்கள். பின் யூவாங், டோங் நாய், சைகோன் பக்கத்துச் செருப்பு ஆலைகளுக்கும் தையல் ஆலைகளுக்கும் போனார்கள். 2021 அக்டோபரில் கொரோனா ஊரடங்கைத் தளர்த்தியதும், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, மூட்டை முடிச்சோடு, கூட்டம் கூட்டமாக டெல்டாவை நோக்கி ஓட்டினார்கள். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். ஆபத்து என்றதும் ஓடிவந்தது அதே உப்பு ஊருக்குத்தான். சில மாதங்களில் பலர் ஆலைக்கே திரும்பினார்கள். கடன் இருக்கிறதே.

(கடன் என்றதும் இன்னொன்று. சைகோனில் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். பிரெஞ்சுக்காரன் காலத்தில் அந்த டெல்டாவின் நெல்லை நம்பி வட்டிக்குப் பணம் கொடுத்தவர்கள் நம் நகரத்தார். அங்கே கும்பிடும்போது அதையும் நினைத்துக்கொள்ளலாம்.)

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உங்கள் கடிதம் வந்தபோது நான் வோ தோங் சுவான் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். 2024 ஆகஸ்டில் இறந்துபோன நெல் விஞ்ஞானி. கான் தோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். 1970-களின் கடைசியில், வியட்நாம் போர் முடிந்து சில வருஷங்களே ஆன நேரம், மேகாங் டெல்டாவில் புகையான் விழுந்தது. நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சி அது. நான் வேளாண்மைத் துறையில் சேர்ந்த புதிதில் தஞ்சைப் பக்கம் புகையான் பிடித்த வயலைப் பார்த்திருக்கிறேன். நேற்றுவரை பச்சையாக இருந்த பயிர் வட்டவட்டமாகக் கருகிக் கிடக்கும். தூரைப் பிரித்தால் கொத்துக்கொத்தாகப் பூச்சி. வரப்பில் நிற்கிற விவசாயியிடம் பேச வாய் வராது. நிலவரியும் உரக் கடனும் அவன் கண்ணில் தெரியும். இது ஒரு தாலுகாவில் இல்லாமல் ஒரு நாட்டின் நெற்களஞ்சியம் முழுக்க நடந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் அப்போது ஐ.ஆர்.36 என்ற ரகம் தயாராகியிருந்தது. பஞ்சாபில் பிறந்த குர்தேவ் குஷ் உருவாக்கியது. புகையானைத் தாங்கும், சீக்கிரம் விளையும். சுவான் கொஞ்சூண்டு விதையை அங்கிருந்து வரவழைத்து, பல்கலைக்கழக வயலில் ஒற்றை நாற்றாக நட்டுப் பெருக்கினார். ஆனால் டெல்டா முழுக்க அதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? துணைவேந்தரிடம் போய், பல்கலைக்கழகத்தை இரண்டு மாதம் மூடுங்கள் என்றார். மூடினார்கள். மாணவர்களுக்கு மூன்று பாடம் நடத்தினார்கள்: நாற்றங்கால் விடுவது, நிலத்தைத் தயார் செய்வது, ஒற்றை நாற்று நடுவது. அப்புறம் ஆளுக்கு ஒரு கிலோ விதையைக் கையில் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள்.

அப்படிப் போன மாணவர்களில் ஒருவரைப் பிற்பாடு, அந்த நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் லாஸ் பனோஸில் ஒரு பயிற்சியில் சந்தித்தேன். பகலெல்லாம் வகுப்பில் வாயே திறக்க மாட்டார். ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு அவராகவே இதைச் சொன்னார். பட்டணத்துப் பிள்ளையாம், அதுவரை சேற்றில் கால் வைத்ததில்லையாம். ஒரு குத்துக்கு ஒரே நாற்று என்றதும் விவசாயி சிரித்திருக்கிறார். நாலைந்து நாற்றைச் சேர்த்து நட்டுப் பழகிய கை அது. உன் புத்தகத்தில் நண்டு இல்லையோ என்று கேட்டாராம். இவர் அந்த வீட்டிலேயே தங்கி, நண்டு வெட்டிய இடத்திலெல்லாம் மறுபடி நட்டு, தூர் கட்டும்வரை காத்திருந்திருக்கிறார். கதிர் வந்த பிறகு அந்த விவசாயி எழுதிய கடிதத்தை வெகுகாலம் வைத்திருந்ததாகச் சொன்னார். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். சொல்லவில்லை.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை, அவசரப்பட்டு மறுப்பு எழுதாதீர்கள். அதே வருஷங்களில்தான் கூட்டுப்பண்ணை என்று விவசாயியின் கையைக் கட்டினார்கள். அதே வருஷங்களில்தான் லட்சக்கணக்கானோர் படகேறி ஓடினார்கள், கடலில் செத்தார்கள். நிலம் மறுபடி குடும்பங்களின் கைக்கு வந்தபிறகு, 1989-இல்தான் நாடு பெரிய அளவில் அரிசி ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. எல்லாம் தெரிந்துதான் பேசுகிறேன். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் யாரும் அந்தப் பிள்ளைகளிடம் எதிர்காலத்துக்கான திறன் என்று பேசவில்லை. நாட்டில் எரிந்துகொண்டிருந்த பிரச்சினை எதுவோ அதையே அவர்கள் கையில் கொடுத்தார்கள். விதை கொடுத்தார்கள், தெரியவேண்டியதைச் சொல்லிக்கொடுத்தார்கள், தவறினால் பொறுப்பேற்க ஒரு பேராசிரியர் இருந்தார்.

இன்றும் அப்படிச் சில வேலைகள் நடக்கத்தான் செய்கின்றன. டெல்டாவில் ட்ரோன் வைத்து மருந்து தெளிப்பதும் விதைப்பதும் இளைஞர்களுக்குத் தொழிலாகியிருக்கிறது. முதுகில் ஸ்பிரேயரைக் கட்டிக்கொண்டு விஷத்தை முகர்ந்த அப்பாக்களின் பிள்ளைகள் அவர்கள். 2030-க்குள் பத்து லட்சம் ஹெக்டேரில் குறைந்த உமிழ்வு நெல் என்று 2023-இல் ஒரு திட்டம் வந்தது. அதன் முக்கியமான உத்தி வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சுவது. நம் ஊரில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்வோமே, அதுதான். தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் குறையும். சொக் சாங்கில் ஹோ குவாங் குவாவும் கூட்டாளிகளும் பல வருஷம் உழைத்து உருவாக்கிய எஸ்.டி.25 அரிசி 2019-இல் உலகின் சிறந்த அரிசி என்று பரிசு வாங்கியது. இறால்-நெல் நிலத்துக்கும் ஏற்ற ரகம் அது.

ஆனால் மேலே இருக்கும் அணையை எந்தத் திறன் திறக்கும்? மணல் படகை எந்த ஆன்லைன் சான்றிதழ் நிறுத்தும்? இதைக் கேட்க வாய் வேண்டும், வாய் திறந்தால் ஆபத்தில்லாத ஊர் வேண்டும். நிலக்கரியைக் குறையுங்கள் என்று வாதாடிய ஙுய் தி கான், 2018-இல் சூழலியலுக்கான கோல்ட்மேன் விருது வாங்கியவர். 2022-இல் வரி ஏய்ப்பு வழக்கில் சிறைக்குப் போனார். இளைஞர்களைச் சேர்த்துச் சூழலியல் இயக்கம் நடத்திய ஹுவாங் தி மின் ஹோங்குக்கு 2023-இல் மூன்று வருஷத் தண்டனை, அதுவும் வரி ஏய்ப்பு என்றுதான். அரசு அதை வரி விவகாரம் என்றது. இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அதிலிருந்து கிடைத்த பாடம் வரியைப் பற்றியதா என்ன? கோடிங் கற்றுக்கொள், இங்கிலீஷ் கற்றுக்கொள், ஆற்றைப் பற்றி மட்டும் கேட்காதே. இப்படி ஒரு பாடத்திட்டத்தை வைத்துக்கொண்டு இளைஞர்களின் வாய்ப்புகள் என்று மேடை போடுவது எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

உங்கள் தோழிக்கு அறிவுரை எதுவும் சொல்லாதீர்கள். நீங்கள் கோவையில் உட்கார்ந்து சொல்லி அவர் கேட்க வேண்டியதில்லை. பதிலாக எனக்கு ஒரு உதவி செய்யுங்கள். கா மாவுக்கு மேகாங்கின் நன்னீர் சரியாக எட்டாது, மழைதான் கதி. அதனால் அங்கே பலர் கோடையில் உப்புநீரை விட்டு இறால் வளர்த்து, மழையில் உப்பைக் கழுவிவிட்டு நெல் போடுகிறார்கள். 2001-இல் பாக் லியூ பக்கம் விவசாயிகளே தடுப்பணையை உடைத்து உப்புநீரை உள்ளே விட்டதும் இறாலுக்காகத்தான். ஆக, வயலில் உப்பு ஏறிவிட்டது என்று அவர் சொன்னது தானாக ஏறியதா, விட்டதா? அவருடைய அப்பா இப்போது இறால் மட்டும்தான் போடுகிறாரா, மழைக்கு நெல்லும் நடுகிறாரா? ஆழ்துளைக் கிணறு எத்தனை அடியில் இருக்கிறது? கேட்டு எழுதுங்கள்.