கான்ட்ராக்டருக்கு எந்த இன்சூரன்ஸ்? வாசகர் கேள்வி, நம்ம பதில்

கேள்வி: நான் பில்டிங் கான்ட்ராக்ட் எடுத்து பண்றேன், மேஸ்திரி, பெரியாள், சித்தாள்னு 15, 20 பேர் இருப்பாங்க. ஓசூர் சிப்காட்ல ஒரு கம்பெனியில ஷெட் வேலை கிடைச்சிருக்கு, இன்சூரன்ஸ் காப்பி குடுத்தாதான் கேட் பாஸ்னு சொல்றாங்க. ஏஜென்ட் ஒருத்தர் குரூப் ஆக்சிடென்ட் பாலிசி போட்டுக்கங்க, கம்மியா முடியும்ங்கறார். அது போதுமா?
வாசகர், காரிமங்கலம்

பதில்: போதாதுங்க. கம்பெனிக்காரர் சும்மா கேக்கல. உங்க ஆளுக்கு வேலையில அடிபட்டா அவர் அந்த கம்பெனிகிட்டயே இழப்பீடு கேக்கலாம், கம்பெனி குடுத்துட்டு உங்ககிட்ட வசூல் பண்ணிக்கலாம், 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துலயே அப்படித்தான். இப்ப அது சமூகப் பாதுகாப்பு தொகுப்புச் சட்டத்துக்குள்ள போயிடுச்சு, ஆனா உங்க பொறுப்பு அப்படியேதான் இருக்கு. இந்த பொறுப்பை ஏத்துக்கறது டபிள்யூ.சி. பாலிசிதான், அதாவது வொர்க்மென்ஸ் காம்பன்சேஷன்ங்கற தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி, முதல்ல அதை எடுங்க. ஆக்சிடென்ட் பாலிசிங்கறது போட்ட தொகை எதுவோ அதை மட்டும் குடுக்கும், சட்டப்படி நீங்க குடுக்க வேண்டியது தனியா நிக்கும். வருஷம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் வர்ற பிரதமர் விபத்து காப்பீடும் அப்படித்தான், ஆளுங்களுக்கு போட்டு வைக்கறது நல்லதுதான், ஆனா அதை காட்டி நீங்க தப்பிக்க முடியாது.

தொகை எவ்வளவு வரும்னு பாருங்க. 30 வயசு ஆள் ஒருத்தர் சாரத்துல இருந்து விழுந்து இறந்துட்டார்னு வைங்க. மாச சம்பளத்துல பாதி, அதை சட்டத்துல அந்த வயசுக்குன்னு குடுத்திருக்கற 207.98ஆல பெருக்கணும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 2020 ஜனவரி அறிவிப்புப்படி கணக்குக்கு 15,000 வரைக்கும்தான் எடுப்பாங்க, அப்படியே 15 லட்சத்து 59 ஆயிரத்து 850 ரூபாய் வருது. ஒரு மாசத்துக்குள்ள கட்டாம இழுத்தா 12 சதவீத வட்டி, அதுக்கு மேல இழப்பீட்டுத் தொகையில பாதி வரைக்கும் அபராதம்னு போகும், அந்த அபராதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி கட்டாது, உங்க கைக்காசுதான்.

இப்ப நம்ம ஆளுங்க எங்க கோட்டை விடறாங்கன்னு சொல்றேன். பிரீமியம் சம்பளத்தையும் வேலையையும் வச்சு போடறாங்க இல்லையா, அதனால 20 பேர் இருந்தாலும் 8 பேர்னு எழுதறது, மேஸ்திரிக்கு தினம் 900 குடுத்துட்டு மாசம் 9,000னு காட்டறது, உயரத்துல ஷீட் போடற வேலையை சாதா கட்டட வேலைன்னு போடறதுன்னு நடக்குது. ஏஜென்ட்டும் பாலிசி போட்டா போதும்னு தலையாட்டிடுவார். கிளெய்ம் வந்தா இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பற சர்வேயர் முதல்ல கேக்கறதே சனிக்கிழமை கூலி நோட்டைத்தான், அதுல இருக்கறதும் பாலிசியில இருக்கறதும் ஒத்து வரலைன்னா தொகையை வெட்டுவாங்க, இல்ல மொத்தமாவே இழுத்தடிப்பாங்க. ஆள் மாறிட்டே இருக்கறதால பேர் போடாத பாலிசியா, வேலை வகைக்கு இத்தனை பேர், இத்தனை சம்பளம்னு எடுங்க. சென்ட்ரிங் கேங், பெயிண்டர்னு நீங்க சப் கான்ட்ராக்ட் விட்ட ஆளுங்களையும் சேத்து எழுதுங்க. வேலை நடக்கற இடம்னு ஓசூர் மட்டும் போட்டிருந்தா அரூர் சைட்ல அடிபட்டவருக்கு சிக்கல்தான். ஆஸ்பத்திரி செலவு தனியா கேட்டு சேக்கணும். ஈ.எஸ்.ஐ.ல பதிஞ்ச ஆளுக்கு மட்டும் இந்த டபிள்யூ.சி. பாலிசி தேவையில்ல.

கேள்வி: 2024 டிசம்பர் மழையில எங்க ஊரே தத்தளிச்சது ஞாபகம் இருக்கும். 40 லட்சத்துக்கு ஒரு வீடு ஃபுல் கான்ட்ராக்ட் எடுத்திருக்கேன், கட்டிட்டு இருக்கற வீட்டுக்கு பாலிசி உண்டா?
வாசகர், ஊத்தங்கரை

பதில்: ஃபெஞ்சல் புயல்ல உங்க ஊர்ல ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டுச்சு, நிறுத்தி வச்ச வண்டியெல்லாம் அடிச்சுட்டு போச்சு, மறக்க முடியுமா! கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்னு ஒரு பாலிசி இருக்கு, வெள்ளம், புயல், தீ, இடிஞ்சு விழறது எல்லாம் அதுல வரும். வேலை முடியறப்ப கட்டடம் என்ன மதிப்போ அதுக்கு போடணும், வீட்டுக்காரர் வாங்கிக் குடுக்கற கம்பி, டைல்ஸையும் சேத்து. காசு மிச்சம்னு 20 லட்சத்துக்கு போட்டீங்கன்னா 4 லட்சம் நஷ்டத்துக்கு 2 லட்சம்தான், அதுலயும் உங்க பங்குன்னு கொஞ்சம் கழிப்பாங்க, வெள்ளத்துக்கு அந்த கழிவு கொஞ்சம் கூடுதலாவே இருக்கும். டிசைன் தப்புக்கு வராது, மட்டமான கான்கிரீட்டை இடிச்சு திரும்ப போடற செலவுக்கும் வராது. வேலை தள்ளிப் போச்சுன்னா தேதி முடியறதுக்குள்ள நீட்டிச்சுடுங்க, நம்ம ஊர் வேலை எது சொன்ன தேதியில முடிஞ்சிருக்கு!

கேள்வி: அஸ்திவாரம் தோண்டினா பாறைதான் வருது. உடைக்கறப்ப பக்கத்து வீட்டு சுவர் விரிசல் விட்டுச்சுன்னு சண்டை. ஆல் ரிஸ்க் பாலிசியில அடுத்தவங்க நஷ்டமும் வரும்னாங்களே?
வாசகர், பர்கூர்

பதில்: வரும், ஆனா அதிர்வால வந்த நஷ்டத்தை அதுலயே விலக்கி வச்சிருப்பாங்க. தனியா காசு கட்டி சேக்கணும். சேத்தாலும் பூச்சுல மயிரிழை விரிசலுக்கெல்லாம் குடுக்க மாட்டாங்க, கட்டடத்தோட உறுதிக்கே பாதிப்பு இருக்கணும். அதோட உடைக்கறதுக்கு முன்னாடி அந்த வீடு நல்லாத்தான் இருந்ததுன்னு நீங்கதான் காட்டணும். அதனால கம்ப்ரசர் இறக்கறதுக்கு முதல் நாளே பக்கத்து வீட்டுக்காரரை கூட வச்சுக்கிட்டு ஒவ்வொரு சுவரையும் தேதி விழற மாதிரி போட்டோ எடுங்க, பழைய விரிசல் இருந்தா ஸ்கேல் வச்சு எடுத்து அவர்கிட்ட கையெழுத்து வாங்குங்க. பாதி சண்டை அங்கயே தீந்துடும், இன்சூரன்ஸ் வரைக்கும் போகவே வேண்டாம்.

கேள்வி: ஜேசிபிக்கு வண்டி இன்சூரன்ஸ் இருக்கு. வேற வேணுமா?
வாசகர், பென்னாகரம்

பதில்: ரோட்ல ஓடறதுக்கு அது கட்டாயம். சைட்ல பள்ளத்துல கவுந்தா அந்த பாலிசியில வருமான்னு அதுல எழுதியிருக்கறதை படிச்சு பாருங்க, நிறைய பாலிசியில அதுக்கு தனியா சேக்கணும், இல்லைன்னா மிஷினரி பாலிசி எடுக்கணும். மிஷினரி பாலிசி எடுத்தாலும் இன்ஜின் தானா மக்கர் பண்ணி நின்னா குடுக்க மாட்டாங்க, விபத்துக்குத்தான். வாடகைக்கு எடுக்கற வண்டின்னா ஷிஃப்ட் பேசறப்பவே பாலிசி காப்பியையும் டிரைவர் லைசென்ஸையும் வாட்ஸ்அப்ல வாங்கி வச்சுக்கங்க.