கிருஷ்ணகிரி வெயிலில் பந்து மலைப்பாம்பின் கண்ணாடித் தொட்டியை எப்படிப் பராமரிப்பது?

பந்து மலைப்பாம்பு (ball python), பயந்தால் பந்துபோல் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்கப் பாம்பு. அதன் தொட்டியின் சூட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தொட்டியின் ஒரு முனை 32 டிகிரி, மறுமுனை 26 டிகிரி இருக்கட்டும். கோடையில் மாடி அறையே 36-ஐத் தாண்டினால் சூடேற்றும் விளக்கை அணைத்துத் தொட்டியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அதைவிட முக்கியம் ஈரப்பதம். நம் ஊர் வறண்ட காற்றில் என் பாம்பின் சட்டை துண்டு துண்டாக உரிந்தது. ஒரு கண்மேல் பழைய தோல் வெங்காயச் சருகு போல ஒட்டியிருந்தது. அதைப் பிய்க்கவே கூடாது, கண் போய்விடும். அலசி உப்பு நீக்கிய தேங்காய் நார்த்தூளை மூன்று அங்குலம் பரப்பி, ஈரப்பாசி நிரப்பிய டப்பா ஒன்றையும் வைத்தேன். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தொட்டது. அடுத்த முறை சட்டை கண்மேல் தோலோடு முழுதாகக் கழன்றது. பாம்பு கழிக்கும் எச்சத்தை அன்றன்றே அள்ளுங்கள்.

வயலில் பிடித்த நம் நாட்டுப் பாம்பை மட்டும் வளர்க்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.