கோடிங் எழுத எந்த எழுத்துரு? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்கள் கல்லூரி லேபில் எல்லாக் கணினியிலும் கூரியர் நியூதான். கொஞ்ச நேரத்திலேயே கண் வலிக்கிறது. எழுத்துருவை மாற்றினால் சரியாகுமா?

பதில்: வித்தியாசம் நன்றாகவே தெரியும், தம்பி. கூரியர் 1950களில் ஐபிஎம் தட்டச்சு இயந்திரத்துக்காக வரைந்தது. மை நாடா காகிதத்தில் கொடுத்த தடிமன் அதன் கணினி வடிவமான கூரியர் நியூவில் இல்லை. அதனால்தான் திரையில் அவ்வளவு மெலிந்து தெரிகிறது. போதாக்குறைக்கு, எண் 0-வுக்குள் கோடோ புள்ளியோ கிடையாது. பெரிய ஓ எழுத்தோடு குழம்பும். விண்டோஸ் என்றால் கன்சோலாஸ் அதிலேயே இருக்கும், எதையும் நிறுவ அனுமதி கேட்க வேண்டாம். எழுத்துரு வடிவமைப்பாளர் லூகாஸ் டி க்ரூட் திரைக்காகவே வரைந்தது அது. எழுத்தின் அளவையும் கொஞ்சம் கூட்டுங்கள். அதன் பிறகும் வலித்தால் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: ஜெட்பிரைன்ஸ் மோனோ, ஃபிரா கோட், சோர்ஸ் கோட் ப்ரோ, கஸ்கேடியா… ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதைத்தான் எடுப்பது?

பதில்: பெயரைப் பார்த்து எடுக்காதீர்கள். ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து, சின்ன எல், பெரிய ஐ, எண் 1, செங்குத்துக் கோடு | நான்கையும் இடைவெளி விடாமல் அடியுங்கள். அடுத்த வரியில் 0-வும் பெரிய ஓ-வும். பிறகு ; : , . நான்கும், ` ' இரண்டும், { ( இரண்டும். சின்ன ஆர், என் இரண்டையும் ஒட்டி அடித்தால் சின்ன எம் போலத் தெரிகிறதா என்றும் பாருங்கள். நீங்கள் தினமும் வேலை செய்யும் அளவில், உங்கள் திரையிலேயே பார்க்க வேண்டும். எழுத்துருவை அறிமுகப்படுத்தும் பக்கங்களில் எல்லாமே பெரிதாக, அழகாகத்தான் இருக்கும். ஒரு புள்ளி காற்புள்ளியாகத் தெரிந்து பிழை தேடும்போதுதான் அருமை புரியும்.

நீங்கள் சொன்ன நான்குமே இந்தச் சோதனையில் தேறும், நான்குமே இலவசம். என்னைக் கேட்டால் 2020-இல் வந்த ஜெட்பிரைன்ஸ் மோனோ. அதில் சின்ன எழுத்துகளின் உயரம் அதிகம். அளவைக் குறைத்தாலும் படிக்க முடியும். திரையைப் பிரித்து இரண்டு கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பவர்களுக்கு ஒடுக்கமான ஐயோசெவ்கா வசதி.

கேள்வி: != என்று அடித்தால் ≠ என்று மாறிவிடுகிறது. இது நல்லதா, மேடம்?

பதில்: அதற்கு லிகேச்சர் என்று பெயர். கோப்பில் மாற்றம் எதுவும் இல்லை, அந்த இரண்டு குறிகளும் அப்படியே இருக்கின்றன, தோற்றம்தான் ஒன்றாகிறது. பழகியவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் வகுப்பெடுக்கும்போது தயவுசெய்து அணைத்துவிடுங்கள். புதிதாகக் கற்கும் பிள்ளை திரையில் ≠ பார்த்துவிட்டு, கீபோர்டில் அந்தக் குறியைத் தேடும். வி.எஸ். கோடு எடிட்டரில் லிகேச்சருக்குத் தனி அமைப்பே இருக்கிறது. கஸ்கேடியா மோனோ என்றால் அந்தத் தொல்லையே இல்லை.

கேள்வி: வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வரிகள் ஒன்றோடொன்று கலந்து தெரிகின்றன.

பதில்: முதலில் வரி இடைவெளியை எழுத்தளவின் ஒன்றரை மடங்காக்குங்கள், சார். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். எழுத்துருவில் இன்டெல் ஒன் மோனோவைப் பாருங்கள். பார்வைக் குறைபாடுள்ள நிரலாளர்களின் கருத்தைக் கேட்டு உருவாக்கி, 2023-இல் இலவசமாக வெளியிட்டது.

கேள்வி: காசு கொடுத்து வாங்கினால் இன்னும் நன்றாக இருக்குமா?

பதில்: தேவையே இல்லை.

கேள்வி: நிரலுக்குள் தமிழில் குறிப்பு எழுதினால் எழுத்துகள் மேல்கீழ் வரிகளோடு நேராக நிற்கவில்லை. சரிசெய்ய வழி உண்டா?

பதில்: முழுதாக இல்லை. கோடிங் எழுத்துருக்களில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம்; ஆங்கில எழுத்துகளை அப்படி அடைக்கலாம். ‘ணை’யையும் ‘ர’வையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் தமிழ் படிக்கக் கூடியதாக இருக்காது. அதனால் இடைவெளி தட்டித் தட்டி நேராக்க முயல வேண்டாம். தமிழ்க் குறிப்பைத் தனி வரியில் எழுதுங்கள். எடிட்டரின் எழுத்துருப் பட்டியலில் முதல் பெயருக்குப் பின் காற்புள்ளி வைத்து, நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது விண்டோஸில் உள்ள நிர்மலா யூஐ பெயரைச் சேர்த்தால் தமிழுக்கு மட்டும் அது வரும்.

இன்னொன்று. ‘கௌ’ என்பதை ஔகாரக் குறியோடும் அடிக்கலாம், ‘கெ’யும் ‘ள’வும் சேர்த்தும் அடிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வெவ்வேறு. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீடுகளை ஒன்றாக்கும் யூனிகோட் சீராக்கம் செய்தாலும் இவை ஒன்றாகாது. ‘கௌசல்யா’ என்ற பெயர் தரவுத்தளத்தில் இருந்தும் தேடலில் கிடைக்கவில்லை என்றால், முதலில் அங்கே பாருங்கள்.