குழந்தையோடு பாலைவனப் பள்ளத்தாக்குக்கு: எதை வாங்கலாம், எதை விடலாம்?

கேள்வி: வரும் அக்டோபரில் எங்கள் மகளுக்கு 9 மாதம் நிறைந்திருக்கும். அந்த மாத நடுவில் ஒரு வாரம், யூட்டா மாநிலத்தின் சயான், பிரைஸ் கேன்யன், அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு ஆகிய மூன்று இடங்களுக்கும் காரில் சென்று, இரவில் கூடாரத்தில் தங்கி, பகலில் நடக்கத் திட்டமிட்டிருக்கிறோம். குழந்தைக்கென்று தனியாக விற்கப்படும் முகாம் பொருள்களின் பட்டியல் தேடத் தேட நீண்டுகொண்டே போகிறது. இவற்றில் எவற்றை வாங்கியே ஆக வேண்டும்?

பதில்: கடைக்குப் போகும் முன் பயணத் திட்டத்தைச் சற்றுத் திருத்திக்கொண்டால் அந்தப் பட்டியல் தானாகவே பாதியாகக் குறைந்துவிடும். நீங்கள் குறிப்பிட்டுள்ள மூன்று தேசியப் பூங்காக்களும் வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தாலும், உயரத்தில் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுபவை. சயான் பள்ளத்தாக்கின் அடித்தளம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் இருக்கிறது. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடி. பிரைஸ் கேன்யனின் விளிம்போ 8,000 முதல் 9,000 அடி வரை. அக்டோபர் நடுவில் சயானில் பகல் இதமாகவும் இரவு தாங்கக்கூடிய குளிராகவும் இருக்கும்போது, பிரைஸ் கேன்யனில் இரவு வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்குவது வழக்கமானது. தெற்கு விளிம்பிலும் இரவில் குளிர் கடுமைதான். உறைநிலையில் ஒரு கைக்குழந்தையைப் பாதுகாப்பாகத் தூங்கவைப்பதற்கென்று பணம் செலவழிப்பதைவிட, சயானில் மட்டும் கூடாரம் போட்டுவிட்டு, மற்ற இரண்டு இடங்களிலும் அறை எடுத்துக்கொள்வது மலிவாகவும் நிம்மதியாகவும் முடியும்.

நடைப்பாதைகளையும் இதே கண்ணோடு பாருங்கள். சயானின் பாரஸ் பாதையும் ரிவர்சைடு வாக் பாதையும் தளம் பாவப்பட்டவை. கிராண்ட் கேன்யனின் விளிம்புப் பாதை 13 மைல் நீளமுடையது. அதன் பெரும்பகுதி சமதளமானது, தளம் பாவப்பட்டது. பிரைஸ் கேன்யனில் சன்ரைஸ், சன்செட் ஆகிய இரு காட்சி முனைகளுக்கு இடையிலான அரை மைலும் அப்படியே. இவற்றோடு நிறுத்திக்கொள்வதானால் வீட்டில் உள்ள தள்ளுவண்டியே போதும். பள்ளத்தாக்குக்குள் இறங்கும் பாதைகளிலும் மணல் பாதைகளிலும் நடக்க விரும்பினால்தான் குழந்தையை முதுகில் சுமக்கும் சட்டகக் கேரியர் தேவைப்படும். உங்கள் பட்டியலிலேயே விலை உயர்ந்த பொருளும், தவறாகத் தேர்ந்தெடுத்தால் ஒரு முழு நாளைக் கெடுத்துவிடும் பொருளும் அதுதான் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நல்ல சட்டகக் கேரியர் ஏறத்தாழ 250 முதல் 400 டாலர் வரை விற்கிறது. குழந்தை பிறர் துணையின்றி நிமிர்ந்து உட்கார வேண்டும், எடை குறைந்தது 16 பவுண்டாவது இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான தயாரிப்பாளர்களின் நிபந்தனை; உங்கள் மகளுக்கு இது பெரும்பாலும் பொருந்திவிடும். மேல் எல்லைதான் பலர் கவனிக்கத் தவறுவது. குழந்தை, அதன் பொருள்கள், கேரியர் மூன்றும் சேர்ந்து 48.5 பவுண்டைத் தாண்டக்கூடாது என்று சில மாதிரிகளில் குறிப்பிட்டிருப்பார்கள். காலிக் கேரியரே பல மாதிரிகளில் 7 பவுண்டுக்குக் குறையாமல் இருக்கும். அதோடு குழந்தையின் எடை, 3 லிட்டர் தண்ணீர், டயப்பர், மாற்றுடை என்று கூட்டிப் பார்த்தால் எல்லை நாம் நினைத்ததைவிட அருகில் இருப்பது புரியும்.

கடையில் வெறும் கேரியரை மாட்டிக் கண்ணாடி முன் நிற்பதால் எதுவும் தெரியாது. குழந்தையையே உட்காரவைத்து, இடுப்புப் பட்டையை முதலில் இறுக்கி, பிறகு தோள் பட்டையைச் சரிசெய்து, கடைக்குள் கால் மணி நேரமாவது நடந்து பாருங்கள். முடிந்தால் மாடிப்படி ஏறி இறங்குங்கள். பாரம் இடுப்பெலும்பின்மேல் அமர வேண்டும். தோள் வலித்தால் கேரியரின் முதுகு நீள அளவு உங்களுக்குப் பொருந்தவில்லை என்று பொருள். கணவனும் மனைவியும் மாற்றி மாற்றிச் சுமப்பதென்றால் அந்த அளவைப் பாதையில் நின்றபடியே மாற்ற முடிகிறதா என்று இருவரும் செய்து பார்க்க வேண்டும். குழந்தையின் தொடைக்கு அடியில் இருக்கை அகலமாகத் தாங்க வேண்டும், கால்கள் வெறுமனே தொங்காமல் மிதிபட்டையில் ஊன்ற வேண்டும். வெயில் மறைப்பு தனியாக விற்கப்படுகிறதா, உடன் வருகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்; பாலைவனத்தில் அது கட்டாயம் வேண்டும்.

கீழே இறக்கி வைக்க உதவும் நிலைக்கால் பெரும்பாலான சட்டகக் கேரியர்களில் உண்டு. கடையின் தரையில் அது உறுதியாக நிற்கும். மணலிலோ ஒரு பக்கம் மெல்லப் புதைந்து, குழந்தை ஒரு முறை எட்டி எதையாவது பிடிக்க முயன்றாலே சாய்ந்துவிடும். ஆகவே குழந்தை உள்ளே இருக்கும் நேரமெல்லாம் ஒரு கை கேரியர்மேல் இருக்க வேண்டும். இன்னொன்று, குழந்தையின் தலை உங்கள் தலையைவிட உயரத்தில் இருக்கும். நீங்கள் குனியாமல் கடந்துவிடும் பாறை விளிம்பு அதன் நெற்றிக்கு நேராக வரும். இது வெளிச்சம் குறைந்த குறுகலான பள்ளத்தாக்குகளில் எளிதில் நேரக்கூடியது. சுமப்பவருக்கு வியர்த்துக் கொட்டும்போது அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்குக் காற்றில் குளிரெடுக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். பிடரியில் கைவைத்துப் பார்ப்பதே சரியான அளவுகோல். கைவிரல் குளிர்ந்திருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது.

இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் என்றால் வாடகைக்கு எடுப்பதே என் பரிந்துரை. சயான் வாயிலில் உள்ள ஸ்பிரிங்டேல் போன்ற சுற்றுலா ஊர்களில் கேரியரை நாள் வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன. இனிமேலும் அடிக்கடி நடப்போம் என்றால் வாங்குங்கள். ஆனால் திருப்பிக் கொடுக்கும் காலத்தைப் பார்த்து வாங்குங்கள். எடுத்துக்காட்டாக, முகாம் பொருள்கள் விற்கும் ஆர்.இ.ஐ. கடையில் உறுப்பினர்களுக்கு ஓராண்டும் மற்றவர்களுக்கு 90 நாளும் அவகாசம் உண்டு.

கேள்வி: நண்பர் ஒருவர், தம் பிள்ளைகள் பயன்படுத்திய கேரியரைக் கால் விலைக்குத் தருகிறார். பார்க்கப் புதிதுபோல இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், ஆனால் பார்வைக்குப் புதிதாக இருப்பது சான்றாகாது. கேரியரில் தைத்திருக்கும் துணிச் சீட்டில் மாதிரியின் பெயரும் தயாரிப்புத் தேதியும் இருக்கும். அவற்றை அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் இணையதளத்தில் தேடிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். ஆஸ்பிரே நிறுவனத்தின் போகோ வரிசைக் கேரியர்களில் 2012 ஜனவரி முதல் 2014 டிசம்பர் வரை தயாரானவை, சிறு குழந்தைகள் கால் துளை வழியாக நழுவி விழக்கூடும் என்பதால் திரும்ப அழைக்கப்பட்டு, இருக்கையில் பொருத்தும் கூடுதல் திண்டு இலவசமாக வழங்கப்பட்டது. பழைய பொருளாக வாங்குபவர்க்கு அந்தத் திண்டு உடன் வருகிறதா என்பதுதான் கேள்வி. சீட்டே கிழிந்துபோயிருந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் விட்டுவிடுங்கள். கொக்கிகள் ஒவ்வொன்றும் சொடுக்கென்று பூட்டுகின்றனவா, பட்டை வெயிலில் வெளிறிச் சொரசொரப்பாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: கூடாரத்தில் குழந்தையை எங்களோடு ஒரே ஸ்லீப்பிங் பேக்கில் படுக்கவைக்கலாம், சிறிய எரிவாயு ஹீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்கிறார் என் கணவர். சரியா?

பதில்: இரண்டுமே கூடாது. எரிவாயு ஹீட்டரோ அடுப்போ கூடாரத்துக்குள் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். பெரியவர்களுக்கான ஸ்லீப்பிங் பேக், தலையணை, காற்றடைத்த மெத்தை ஆகியவை கைக்குழந்தையின் மூச்சை அடைக்கக்கூடியவை. முதல் ஆண்டில் குழந்தை தட்டையான, உறுதியான, தனிப் பரப்பில் மல்லாந்து தூங்க வேண்டும் என்பதே அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் அறிவுரை; கூடாரத்துக்கு விதிவிலக்கு எதுவும் இல்லை.

மடித்து எடுத்துச் செல்லும் தொட்டில் கட்டில் வீட்டில் இருந்தால் அதையே கொண்டுபோங்கள். தரையின் குளிர் ஏறாமலிருக்க நுரைப் பாய் ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் விரியுங்கள். கட்டிலுக்குள் கூடுதல் மெத்தை போடக்கூடாது. போர்வைக்குப் பதிலாக, இரண்டு அடுக்கு உடைக்கு மேல் அணிவிக்கும், பை போன்ற தூக்க உடையான ஸ்லீப் சாக் போதும். அதிலும் எடை சேர்த்துத் தைத்தவற்றைத் தவிர்க்க வேண்டும். கூடாரம் வாங்குவதாயிருந்தால் 'நான்கு பேருக்கு' என்ற அட்டைக் குறிப்பை நம்ப வேண்டாம். அது தோளோடு தோள் ஒட்டிப் படுத்த பெரியவர்களின் கணக்கு. தொட்டில் கட்டிலும் நீங்கள் இருவரும் என்றால் ஆறு பேர் கூடாரம்தான் சரிப்படும். பகல் தூக்கத்தைக் கூடாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். நேர் வெயிலில் நிற்கும் கூடாரம் வெளியைவிட விரைவில் சூடாகிவிடும்.

கேள்வி: குழந்தைகளுக்கென்று தனியாக விற்கும் சன்ஸ்கிரீன் வாங்குவது அவசியமா?

பதில்: 'குழந்தைகளுக்கு' என்ற சொல்லைவிட, பின்பக்கத்தில் துத்தநாக ஆக்சைடு அல்லது டைட்டானியம் டையாக்சைடு என்று எழுதியிருக்கிறதா என்பதே முக்கியம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிழலும் உடையும்தான் காப்பு. 9 மாதக் குழந்தைக்கு முகம், புறங்கை போன்ற வெளியே தெரியும் இடங்களில் பூசினால் போதும். மற்ற இடங்களை யு.பி.எஃப். 50 (துணி புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அளவு) என்று குறித்த முழுக்கை உடையும், பிடரியை மறைக்கும் தொப்பியும் பார்த்துக்கொள்ளும். தள்ளுவண்டியைத் துணியால் முழுதாக மூடுவது மட்டும் வேண்டாம். உள்ளே காற்று நின்று வெப்பம் ஏறிவிடும்.

கேள்வி: பார்முலா பால் கொடுக்கிறோம். தண்ணீர் சுமையைக் குறைக்க ஒரு நல்ல வடிகட்டி வாங்கி, ஆற்று நீரைப் பயன்படுத்தலாமா?

பதில்: சயானில் ஓடும் வர்ஜின் ஆற்றில் நச்சை உண்டாக்கும் சயனோபாக்டீரியா இருப்பது 2020-இல் தெரியவந்தது. அந்த நச்சைக் கொதிக்கவைத்துப் போக்க முடியாது, மலையேறுபவர்கள் கொண்டுசெல்லும் வடிகட்டிகளையும் நம்ப முடியாது. ஆகவே குழந்தையின் பாலுக்கு அந்த நீர் எந்த வடிவிலும் ஆகாது. வடிகட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் குழாயுடன் கூடிய பெரிய தண்ணீர்க் கேன்கள் இரண்டை வாங்கி, முகாமில் உள்ள குடிநீர்க் குழாயில் நிரப்பிக் காரில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன், அதாவது 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவு என்பது பூங்காக்கள் சொல்லும் கணக்கு. பால் கலக்கவும் புட்டி கழுவவும் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். காற்று மிக வறண்டிருப்பதால் வியர்வை தெரியாமலே உலர்ந்துவிடும், ஆகவே தாகத்துக்காகக் காத்திருக்கக்கூடாது. குழந்தைக்கு வழக்கத்தைவிட அடிக்கடி பால் கொடுங்கள். இந்த வயதில் பாலோடு சிறிது தண்ணீரும் தரலாம்.

கலந்த பார்முலாவை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்கத் தொடங்கிவிட வேண்டும். குழந்தை வாய்வைத்த புட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாது. ஆகவே அளந்த பொடியையும் தண்ணீரையும் தனித்தனியாகக் கொண்டுபோய், வேண்டும்போது கலப்பதே நல்லது. நடைப்பாதையில் மாற்றும் டயப்பரைப் புதைக்கவும் கூடாது, குழிக் கழிப்பறையில் போடவும் கூடாது. மண்ணில் மக்கும் என்று விளம்பரப்படுத்தி அதிக விலைக்கு விற்பவையும் பையில் திரும்பி வரத்தான் வேண்டும், எனவே அந்தக் கூடுதல் விலை வீண்.

கேள்வி: கைப்பேசித் தொடர்பு கிடைக்காத இடங்களுக்காகச் செயற்கைக்கோள் கருவி வாங்க வேண்டுமா?

பதில்: நான் மேலே சொன்ன பாதைகளில் மட்டும் நடப்பீர்கள் என்றால் வேண்டாம், அங்கே ஆள் நடமாட்டம் உண்டு. ஆளரவமற்ற பாதைகள் என்றால் ஐபோன் 14-உம் அதற்குப் பிந்தியவையும் செயற்கைக்கோள் வழியே அவசரச் செய்தி அனுப்பும். கார்மின் இன்ரீச் போன்ற தனிச் செயற்கைக்கோள் கருவிகளுக்குச் சந்தா கட்ட வேண்டும். எந்தக் கருவியானாலும் வானம் திறந்து தெரிய வேண்டும், குறுகிய பள்ளத்தாக்கின் அடியில் அது தெரியாது. மேலும், பள்ளத்தாக்கின் பெரிய ஆபத்தான திடீர் வெள்ளத்துக்கு எந்தக் கருவியும் பதிலில்லை. 1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆன்டலோப் கேன்யனில் 11 பேரை அடித்துச் சென்ற வெள்ளம், பல மைல் தொலைவில் பெய்த மழையால் வந்தது. ஒவ்வொரு காலையும் பூங்காவின் தகவல் மையத்தில் வெள்ள வாய்ப்பைக் கேட்டுவிட்டு, வாய்ப்பு உண்டு என்றால் குழந்தையோடு குறுகிய பள்ளத்தாக்குகளுக்குள் போகாமல் இருந்துவிடுங்கள்.

கேள்வி: எங்களோடு இந்தியாவிலிருந்து வந்திருக்கும் என் பெற்றோரும் வருகிறார்கள். ஓராண்டு நுழைவுச் சீட்டு வாங்குவது இலாபமா?

பதில்: மூன்று பூங்காக்களுக்கும் தனித்தனியாகக் கட்டணம் கட்டுவதைவிட, அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கான 80 டாலர் ஆண்டுச் சீட்டு உங்களுக்கு மலிவு. 2026 ஜனவரி முதல் வெளிநாட்டினருக்கு அந்தச் சீட்டின் விலை 250 டாலர். சீட்டு இல்லாத வெளிநாட்டினர், 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், நீங்கள் செல்லும் மூன்றும் உட்பட 11 பூங்காக்களில் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். பெற்றோர் உங்கள் காரிலேயே வந்தாலும் உங்கள் சீட்டில் அவர்களுக்கும் இடமுண்டா என்பதை அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையிடம் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே அவர்களுக்கெனத் தனிச் சீட்டு வாங்குங்கள். குழந்தைக்குக் கட்டணம் கிடையாது.