காட் மீன் குறைந்ததற்குச் சீல்கள்தான் காரணமா?

கேள்வி: கனடாவின் கிழக்குக் கரையில் காட் மீன் மீளாமல் இருப்பதற்குச் சீல் எனப்படும் கடல்நாய்களே காரணம் என்று மீனவர்கள் கூறுகிறார்கள்; விலங்கு நல ஆர்வலர்கள் மறுக்கிறார்கள். உண்மை எது? சீல்களைக் குறைத்தால் மீன் பெருகுமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: காட் மீன் வளத்தைக் குலைத்தது சீல் அல்ல, இழுவைமடிக் கப்பல்கள்தான் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நியூஃபவுண்ட்லாந்துத் தீவை ஒட்டிய கடலில் 1968-இல் மட்டும் ஏறத்தாழ 8 லட்சம் டன் காட் பிடிக்கப்பட்டது; அப்போது அங்கே குவிந்திருந்தவை பெரும்பாலும் ஐரோப்பிய நாடுகளின் கப்பல்கள். பின்னர் கனடாவும் அதே வழியில் சென்றதால், 1992 ஜூலை 2 அன்று மீன்வள அமைச்சர் ஜான் கிராஸ்பி அந்த மீன்பிடிப்புக்குத் தடை அறிவிக்க நேர்ந்தது. ஏறக்குறைய 30,000 பேர் பிழைப்பை இழந்தனர்.

ஆனால், தடைக்குப் பிறகும் மீன் ஏன் திரும்பவில்லை என்பது வேறு கேள்வி. அதற்கான விடை எந்தக் கடல், எந்தச் சீல் என்பதைப் பொறுத்து மாறுகிறது. இரு தரப்பாரும் தவறவிடுவது இதைத்தான் என்பது என் கருத்து. நியூஃபவுண்ட்லாந்தின் வடக்கே பல லட்சக்கணக்கில் வாழும் ஹார்ப் சீல்கள் காட் மீனைத் தின்றாலும், அந்த வளத்தின் ஏற்ற இறக்கத்தை நிர்ணயித்தவை மீன்பிடிப்பும், காட் மீனுக்கு இரையான கேப்பலின் என்னும் சிறுமீனின் வரத்துமே என்று ஆய்வுகள் காட்டின. அங்கே வணிக மீன்பிடிப்பு 2024-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

நியூஃபவுண்ட்லாந்துக்கு மேற்கே உள்ள செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் தென்பகுதியில் நிலைமை வேறு. 1960-களில் சில ஆயிரங்களாக இருந்த சாம்பல் சீல்கள் இன்று கனடாவில் 3.5 லட்சத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பாலானவை வளைகுடாவுக்கு வெளியே, அட்லாண்டிக் கடலில் உள்ள சேபிள் தீவின் மணல்மேடுகளில் குட்டி ஈனுகின்றன. குளிர்காலத்தில் வளைகுடாவின் காட் மீன்கள் கேப் பிரெட்டன் தீவுக்கு வடக்கே ஆழப் பகுதியில் நெருக்கமாகத் திரளும்போது, ஆண் சீல்களும் அங்கே வந்துவிடுகின்றன. வளர்ந்த காட் மீன்களில் ஆண்டுதோறும் ஏறக்குறைய பாதி, வலையில் சிக்காமலேயே மடிகின்றன. அதில் பெரும்பங்கு சீல்களின் வேட்டையால் என்பதே இப்போது வலுவாக நிற்கும் விளக்கம். மீன் ஏராளமாக இருந்த காலத்தில் சீல் தின்ற அளவு பொருட்டாக இருந்திராது. மீன் அருகிப்போன பிறகோ அதே அளவு, முட்டையிட வேண்டிய தாய்மீன்களில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. ஆகவே அந்த வளைகுடா மீனவர்களின் ஆற்றாமையைப் புறந்தள்ளிவிட முடியாது.

இதை நிறுவுவது எளிதாக இருக்கவில்லை. சீலின் இரைப்பையிலும் எச்சத்திலும் கிடைக்கும் செவிக்கல்லை, அதாவது மீனின் தலைக்குள் இருக்கும் சிறு சுண்ணாம்புத் துணுக்கைக் கொண்டுதான் அது தின்ற மீனின் இனத்தையும் அளவையும் கணிக்கிறார்கள். பெரிய காட் மீன் அகப்பட்டால் சீல் சில வேளைகளில் ஈரல் நிறைந்த வயிற்றை மட்டும் கடித்துத் தின்றுவிட்டுத் தலையை விட்டுவிடுகிறது. அப்படித் தின்ற மீன் செவிக்கல் கணக்கில் வருவதே இல்லை. தவிர, சீலின் வயிற்றில் முதிரும் ஒருவகைப் புழுவின் இளம்பருவம் காட் மீனின் தசையில் தங்குவதால், ஆலைகளில் ஒவ்வொரு துண்டையும் வெளிச்ச மேசையில் வைத்துப் பார்த்துப் புழுவைக் களைய வேண்டியிருக்கிறது. இந்தச் செலவும் சீலால் வருவதே.

சீல்களைக் கொன்றால் மீன் பெருகுமா என்பதற்கு உறுதியான 'ஆம்' சொல்ல இயலாது. சீல் ஹெர்ரிங் மீனையும் தின்கிறது. ஹெர்ரிங்கோ காட் மீனின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. சீல் குறைந்து ஹெர்ரிங் பெருகினால் விளைவு எதிர்மாறாகவும் போகலாம். பலன் தெரிய வேண்டுமென்றால் மிகப் பெரும் எண்ணிக்கையில், பல ஆண்டுகள் தொடர்ந்து கொல்ல வேண்டியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2009-இல் சீல் பொருள்களின் வணிகத்துக்குத் தடை விதித்த பிறகு அவற்றுக்குச் சந்தையும் சுருங்கிவிட்டது.

வலையில் சிக்கிய மீனைச் சீல் பறிப்பது மட்டுமே தொல்லையாக இருக்கும் இடங்களில் கொல்லாமலே வழி உண்டு. பால்டிக் கடலில் ஸ்வீடன் மீனவர்கள், சீல் கடித்துக் கிழிக்க முடியாத உறுதியான வலைக்கூண்டுகளைச் சால்மன் பிடிக்கப் பயன்படுத்துகிறார்கள். கடலில் தன்போக்கில் திரியும் காட் மீனுக்கு அந்தக் கூண்டுகளால் பயனில்லை.