'ரூல் அவுட்' என்று எழுதியிருந்தால் என்ன கோட்?

கேள்வி: சென்னையில் அமெரிக்க அவுட்பேஷண்ட் (அட்மிட் ஆகாத நோயாளி) சார்ட்களைப் படித்து நோய்க்கான கோட் எண் போடும் கோடிங் வேலை செய்கிறேன். சேர்ந்து ஆறு மாதம். 'செஸ்ட் பெயின், ரூல் அவுட் எம்ஐ' (நெஞ்சு வலி, மாரடைப்பா இல்லையா என்று பார்க்க வேண்டும்) என்று டாக்டர் எழுதியிருந்ததற்கு மாரடைப்புக் கோடான ஐ21.9 போட்டேன், ஆடிட்டில் தவறு என்றார்கள். இன்பேஷண்ட் (அட்மிட் ஆனவர்கள்) டீமில் உள்ள தோழி, டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ப்ராபபிள் எம்ஐ' (மாரடைப்பாக இருக்கலாம்) என்று இருந்ததற்கு அதே கோடைப் போட்டாள். அது மட்டும் சரியாம். ஏன்?

பதில்: இரண்டு பேரின் ஆடிட்டரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஐசிடி-10-சிஎம் (அமெரிக்காவில் பயன்படும் நோய்க் கோட் தொகுப்பு) வழிகாட்டியில் சந்தேக நோய்க்கு இரண்டு விதி இருக்கிறது.

அவுட்பேஷண்டில் ப்ராபபிள், சஸ்பெக்டட், ரூல் அவுட் எதுவானாலும் அந்த நோய்க்குக் கோட் கிடையாது. உறுதியாகத் தெரிந்த அறிகுறிக்குத்தான். உங்கள் சார்ட்டுக்கு ஆர்07.9, வெறும் நெஞ்சு வலி. 'கன்சிஸ்டன்ட் வித்' (அந்த நோயோடு ஒத்துப்போகிறது) என்பதும் சந்தேகப் பட்டியலில்தான் வரும். புதியவர்கள் அதிகம் வழுக்குவது அங்கேதான். ட்ரோபோனின் (இதயத் தசை பாதித்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்) ஏறியிருப்பது லேப் ரிப்போர்ட்டில் உங்கள் கண்ணுக்கே தெரிந்தாலும், எம்ஐ என்று சொல்ல வேண்டியவர் டாக்டர். அப்புறம், அட்மிட் ஆகாமல் ஒரு ராத்திரி அப்சர்வேஷனில் (கண்காணிப்பில்) படுத்திருந்தவரும் அவுட்பேஷண்ட்தான்.

இன்பேஷண்டில் டிஸ்சார்ஜ் நேரத்திலும் சந்தேகம் தீரவில்லை என்றால், நோய் இருப்பதாகவே வைத்துக் கோட் போடலாம். பரிசோதனையும் சிகிச்சையும் அந்த நோய்க்கு நடப்பது போலவே நடந்திருக்கும் என்பதுதான் காரணம். அட்மிஷன் நோட்டில் மட்டும் இருந்தால் போதாது. எச்ஐவி, கோவிட் போன்ற சிலவற்றுக்கு இந்தச் சலுகையும் இல்லை, உறுதியானால் மட்டுமே.

சரி, ஊகமே கூடாதா என்றால், புத்தகமே ஊகிக்கச் சொல்லும் இடமும் உண்டு. டைப் 2 சர்க்கரை, நாள்பட்ட கிட்னி நோய் என்று டாக்டர் தனித்தனியாக எழுதியிருப்பார். இன்டெக்ஸில் டயபடீஸுக்குக் கீழே 'வித்' ('உடன்') என்று கிட்னி நோய் இருப்பதால், நீங்களே இணைத்து இ11.22 போட வேண்டும். தொடர்பில்லை என்று அவர் தெளிவாக எழுதினால் மட்டும் விட்டுவிடுங்கள். பிபியும் இருந்தால், பிபியையும் கிட்னி நோயையும் இணைக்கும் ஐ12.9 சேரும்.

கூடவே கிட்னி நோயின் ஸ்டேஜுக்கும் கோட் வேண்டும். 'ஸ்டேஜ் 3' என்று மட்டும் இருந்தால் என்18.30. ஜிஎஃப்ஆர் (கிட்னி ரத்தத்தை வடிகட்டும் வேகம்) 52 என்று பார்த்து நீங்களாக 3ஏ ஆக்கி என்18.31 போட்டுவிடாதீர்கள்; டாக்டரிடம் விளக்கம் கேட்டுக் குவெரி அனுப்புங்கள்.